திரையில் கன்னியம்மா நடந்துகொண்டிருந்தார்

போன மாதம் ஒரு நாள் காலை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு கோப்பு வந்தது. அனுப்பியவள் திவ்யா. நான் ஓய்வு பெற்ற பிரிவில் இப்போது என் வேலையைச் செய்கிறவள். நேரம் கிடைத்தால் படித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி எழுதியிருந்தாள்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்காக எங்கள் கம்பெனி ஒரு மின்னணுச் செருப்பு செய்கிறது. அதன் புதிய மாதிரியை இருபது பேரிடம் கொடுத்துச் சோதித்த அறிக்கை அது. ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், அவர்கள் சொன்ன கருத்து எல்லாம் அழகாக இருந்தன. ஆறாவதாக இருந்தவர் ஆலங்காயம் பக்கத்து விவசாயக் கூலி, ஐம்பத்தெட்டு வயதுப் பெண். ‘இதைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது எனக்குத் தைரியமாக இருக்கிறது’ என்று சொல்லியிருந்தார். இருபது பேருக்கும் செருப்பு பிடித்திருந்தது.

நான் உடனே திவ்யாவைக் கூப்பிட்டேன். ஆலங்காயம் பக்கம் எந்த ஊர், போய் அந்தம்மாவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

“அவங்க நெஜ ஆளு இல்ல மேடம். கம்ப்யூட்டர் உண்டாக்குன ஆளு. இருபது பேருமே அப்படித்தான். இப்ப நெறைய எடத்துல இப்படித்தான் டெஸ்ட் பண்றாங்க.”

ஈரத் துணியைத் தோளில் போட்டபடி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். திவ்யா கெட்டிக்காரி, உழைப்பாளி. ஏமாற்றுவதற்காக அவள் எதுவும் செய்யவில்லை. இதில் எனக்கு என்ன குறை என்று அவளுக்குப் புரியவில்லை. போனில் சொல்லிப் புரியவைக்க என்னாலும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில் ஆறு மாதம் நூல் பிசிறு வெட்டினேன். பிறகு தையல் மெஷின். கம்பெனி செலவில் ஒரு வருடப் படிப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் சாம்பிள் ரூமில் போட்டார்கள். புதிய மாடல்களை முதன்முதலில் செய்து பார்க்கிற இடம் அது. அங்கே இருபது வருடம் இருந்ததில் ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டது. யாராவது போட்டுத் தேய்ந்த செருப்பைக் கொடுத்தால், போட்டவர் ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பவர், நாளெல்லாம் நிற்கிற வேலையா உட்கார்கிற வேலையா என்று சொல்லிவிடுவேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. இட்லிக் கடைக்காரர் மாவைத் தொட்டுப் பார்த்துப் புளிப்பு சொல்வதைப் போலத்தான்.

கடைசி ஒன்பது வருடம் இம்தியாஸ் சாரிடம் வேலை பார்த்தேன். ஆம்பூர்க்காரர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர், அதனால் அதிகாரியாக இருந்தும் என்னை அக்கா என்றே கூப்பிடுவார். பெங்களூரில் ஒரு கைப்பேசிக் கம்பெனியில் பல வருடம் இருந்தார். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதை அமுக்கினால் என்ன தெரிய வேண்டும், தெரிந்ததைப் பார்த்து மனிதர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பதுதான் அவருடைய தொழில். அவரை வைத்து எங்கள் முதலாளி அந்தச் செருப்பைத் தொடங்கினார்.

செருப்பு பார்க்கச் சாதாரணமாக இருக்கும். உள்ளே கால் பதிகிற மெத்தைக்கு அடியில் அழுத்தத்தையும் சூட்டையும் அளக்கிற மெல்லிய தகடு. கால் மரத்தவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது, ஓர் இடம் அழுந்திப் புண்ணானாலும் தெரியாது. அதைச் செருப்பு கண்டுபிடிக்கும். வாரில் கடுகளவு விளக்கு ஒன்று. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. ஏதாவது ஓர் இடம் ரொம்ப அழுந்தினாலோ சூடேறினாலோ சிவப்பு. உட்கார்ந்து காலைப் பார் என்று அர்த்தம். அதே விவரம் வீட்டுக் கைப்பேசி வழியாக எங்கள் அலுவலகத் திரைக்கும் வந்துவிடும்.

பழைய தோல் ஸ்டோர் ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துச் சோதனை அறையாக்கினோம். ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு கேமரா. நாற்காலிக்குப் பின்னால், உட்கார்ந்தவர் கண்ணில் படாத இடத்தில் எங்களுக்கு இரண்டு ஸ்டூல். அறையில் கடிகாரம் இருக்கக் கூடாது. வந்தவரிடம் மூடிய டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். செய்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது சார் வைத்த முதல் விதி. வந்தவர் இது சரியா என்று திரும்பிக் கேட்டால், ‘நீங்க இன்னா நெனைக்கிறீங்க?’ என்று மட்டும் கேட்கலாம். சார் மடியில் ஒரு நீள நோட்டு இருக்கும். இடது பக்கத்தில் அவர்கள் கை என்ன செய்தது என்று எழுதுவார். வலது பக்கத்தில் வாய் என்ன சொன்னது என்று எழுதுவார். மாலையில் இடது பக்கத்தை மட்டும் படிப்பார்.

முதலில் வந்தவர் ரிட்டயர்டு தபால்காரர் ஒருவர். டப்பாவைத் திறந்தார். சார்ஜர் ஒயரை எடுத்துச் செருப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சொருகும் ஓட்டை குதிகாலுக்குப் பின்னால் இருந்தது. அவர் கால் விரல் பக்கம் தேடினார், வாரைத் தூக்கித் தேடினார், கடைசியில் அடிப்பாகத்தில் இருந்த ஆணிக் குழியில் சொருகப் பார்த்தார். எழுந்து போய்க் காட்டிவிடலாம் என்று பாதி எழுந்தேன். சார் என்னைப் பார்க்காமலேயே கையை மட்டும் நீட்டி உட்காரச் சொன்னார். கடைசிவரை அந்தப் பெரியவர் கண்டுபிடிக்கவில்லை. போகும்போது, ரொம்ப நல்ல செருப்பு சார் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சார் கண்ணாடியைத் துடைத்தபடி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். அவருக்குப் பிடித்திருந்தது என்றேன்.

“அது கேட்டதுக்கா. பாத்தது இன்னா?”

அவர் குரலை உயர்த்தியதே இல்லை. அந்தக் கேள்வியை மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்பார்.

இன்னொரு முறை ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பிய ஆறு ஜோடியும் செத்துப்போய்த் திரும்பி வந்தன. திறந்தால் உள்ளே சோப்புத்தூள். ஆறு பேருமே செருப்பைத் தினமும் பிரஷ் போட்டுக் கழுவியிருந்தார்கள். தண்ணீர் படக்கூடாது என்று தாளில் முதல் வரியிலேயே போட்டிருந்தோமே என்று எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. இந்த அறையில் செருப்பு கழுவுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். எல்லோருடைய கையும் மேலே போனது. அதற்குப் பிறகு தண்ணீர் புகாமல் செய்ய நாலு மாதம் ஆனது.

இத்தனையும் கற்றுக்கொண்ட பிறகுதான் அது நடந்தது.

பன்னிரண்டு பேர் வீட்டில் மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. சுற்றியுள்ள ஊர்கள் எனக்குத் தெரியும், பெண்களோடு பேசவும் வரும் என்பதால் வீடுகளுக்குப் போகிற வேலை எனக்கு வந்தது. அவர்களில் ஒருவர் மாதனூர் பக்கத்துக் கன்னியம்மா. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், கணவர் இல்லை, கூலி வேலை. ஒரே மகள் ரேவதி எங்கள் கம்பெனியின் இரண்டாவது யூனிட்டில் தையலில் இருந்தாள். காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலைதான் திரும்புவாள்.

கன்னியம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். பாதம் இரண்டும் மரத்துவிட்டிருந்தன. ஒரு நாள் அடுப்பிலிருந்து விழுந்த நெருப்பில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், கருகின வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்ததாகவும், அரிசி தீய்ந்துபோனதைச் சொல்வதைப் போலச் சொன்னார். நான் மை தடவி அவர் பாதத்தைக் காகிதத்தில் பதித்துக்கொண்டேன். அகலமான குதிகால், கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாவது விரல், வெளிப்பக்கமாகச் சாயும் நடை.

டப்பாவைக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்ற விதி வீட்டிலும் உண்டு. அன்று சார் வரவில்லை. கன்னியம்மா செருப்பைப் போட்டார், நடந்தார், விளக்கு சிவப்பானது, என்னைப் பார்த்தார். கழற்றினார், மறுபடி போட்டார், என்னைப் பார்த்தார். பரீட்சையில் பதில் தெரியாமல் நிற்கிறவரின் பார்வை அது. எனக்கு மனசு கேட்கவில்லை.

“பச்ச எரிஞ்சா நல்லதுக்கா. செவப்பு எரியக் கூடாது. பச்சையாவே வெச்சுக்கோங்க” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. தலையாட்டினார். நான் சொன்னதை என் குறிப்பில் எழுதவில்லை.

முதல் வாரம் அவர் செருப்பு தினமும் ஒன்பது பத்து முறை சிவப்பு காட்டியது. வரப்பு, கல், வேர்க்கடலைக் கொல்லை என்று நடக்கிற காலுக்கு அது சரியான கணக்குத்தான். செருப்பு நன்றாக வேலை செய்தது என்றே அர்த்தம். இரண்டாவது வாரத்தில் பகல் நேரத் தகவல் வரவில்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல கைப்பேசி ரேவதியினுடையது. அது அவளோடு பஸ் ஏறிப் போய்விடும், செருப்பு கன்னியம்மாவோடு கொல்லைக்குப் போய்விடும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. இரண்டு முறை ரேவதிக்குப் போன் செய்து, டேட்டா வரவில்லையே, கொஞ்சம் கவனி என்று சொன்னேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது. காலையிலிருந்து இரவுவரை தகவல். பச்சை, பச்சை, பச்சை. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பன்னிரண்டு பேரின் கோடுகளும் ஓடும். கன்னியம்மாவின் கோடுதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் வந்தால் அதைத்தான் காட்டுவது என்று பேசிக்கொண்டோம்.

இரண்டு மாதம் முடிந்ததும் உள்மெத்தையை மாற்றப் போனேன். கன்னியம்மா வாசலில் காலைப் புடவைக்குள் மடித்து வைத்து உட்கார்ந்திருந்தார். மெத்தையைக் கழற்றிச் செய்தித்தாளில் மடித்துத் தயாராக வைத்திருந்தார், புதியதைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். உள்ளே போய் மோர் எடுத்துக்கொள்ளச் சொன்னார், எழுந்திருக்கவில்லை. செருப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பச்சைதான் எரிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். காலைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மெத்தையைப் பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் பள்ளம் ஆழமாக, எல்லா விரலையும்விட முன்னால் விழுந்திருந்தது. குதிகால் சின்னதாக, வட்டமாக, நடுவில் பதிந்திருந்தது. சாய்வே இல்லை. இளம் வயதுப் பெண்ணின் கால் அது. என் கைக்கு அது தெரிந்துவிட்டது. பெருவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டு மாதனூரிலிருந்து ஆம்பூர்வரை வந்தேன். ஆனால் திரையில் கன்னியம்மாவின் கோடு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை எந்திரம் சொல்வது தப்பாகவா இருக்கும்? புது ரப்பர், அமுங்கி வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, நினைத்துக்கொள்ள விரும்பினேன். மெத்தையைக் கவரில் போட்டு அலமாரியில் வைத்தேன். சாரிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். இரண்டாவது யூனிட்டிலிருந்து ரேவதியின் லைன் சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார். ரேவதி நாலு நாளாக லீவு, அவள் அம்மா உங்கள் சோதனையில் இருக்கிறவர்தானே, வேலூர் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு அந்தம்மாவின் காலை வெட்டி எடுக்கிறார்களாம், உங்களுக்குத் தெரியுமா என்றார்.

நான் திரையைப் பார்த்தேன்.

“இல்லங்க, அவங்க நடந்துக்கினு இருக்காங்க” என்றேன்.

நான் சொன்னது அதுதான். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. திரையில் கன்னியம்மாவின் பெயருக்கு எதிரே அடிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதிமூன்று. கொஞ்சம் நின்றது. மறுபடி பதினாலு, பதினைந்து. பக்கத்தில் பச்சைப் புள்ளி.

சூப்பர்வைசர் போனில் ஹலோ ஹலோ என்றார். இம்தியாஸ் சார் என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த எண் ஏறுவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேசையிலிருந்த கார் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் இருந்த மாடிக்குப் போனோம். நீளமான வராந்தா. கடைசி ஜன்னல்வரை நடப்பதும் திரும்பி வருவதுமாக ஒரு பெண். ரேவதி. என் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை, காலுக்குத்தான் போனது. எங்கள் செருப்பு. வாரில் பச்சை விளக்கு.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். அங்கேயே குனிந்து அவசர அவசரமாகச் செருப்பைக் கழற்றி, சுவர் ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். திருடியதைக் கண்டுபிடித்துவிட்டதைப் போல நின்றாள். உள்ளே அவள் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வாரத்துக்கு முன்பு வேர்க்கடலைக் கொல்லையில் உடைந்த பாட்டில் சில்லு ஏறியிருக்கிறது. கன்னியம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பாதத்தின் அடி பழுத்திருந்தது. மஞ்சள் வைத்துத் துணி கட்டி மறைத்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். காய்ச்சல் வந்து நினைவு தப்பிய பிறகுதான் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து வாரம் என்று ரேவதி சொன்னதும் நான் மனதில் நாளைக் கணக்கிட்டேன். நான் மோர் குடித்த நாளில் அந்தத் துணிக்கட்டு புடவைக்குள் இருந்திருக்கிறது. எனக்கும் அதற்கும் இடையில் நாலடி தூரம்கூட இல்லை.

செருப்பை ஏன் நீ போட்டாய் என்று சார் மெதுவாகக் கேட்டார். ரேவதி அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அம்மாதான் போட்டுக்கச் சொல்லிச்சு சார். அம்மா கால்ல போட்டா செவப்பு எரியுது. செவப்பு எரிஞ்சா கம்பெனில தெரிஞ்சிடும், உனக்கு வேலைல பேஜார் ஆய்டும்னு பயந்துச்சு. டேட்டாவும் வரலன்னு மேடம் போன் பண்ணாங்க. நான் போட்டா பச்சையாவும் இருக்கு, போனும் கிட்டயே இருக்குது. பச்சையாவே வெச்சுக்கோன்னு மேடம் சொல்லிட்டுப் போனாங்கன்னு தெனமும் காலைல எடுத்து வெக்கும்.”

சார் என் பக்கம் திரும்பினார். ஆமாம் சார், சொன்னேன் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், நோட்டு கொண்டு வரவில்லை என்று நினைவு வந்து மறுபடி சொருகிக்கொண்டார்.

அன்று பிற்பகல் திரும்பும்போது பள்ளிகொண்டாவில் ஒரு டீக்கடையில் சார் காரை நிறுத்தினார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

“நீங்க அவங்ககிட்ட சொன்னத ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடுங்கக்கா. நான் என்னோடத எழுதறேன். கூலி வேல செய்ற ஆளு நாளெல்லாம் செருப்போட இருக்க முடியாது, சேத்துல எறங்கணும். டேட்டா ஜாஸ்தி அழகா இருந்திச்சு. எனக்கு டவுட்டு வந்திச்சு. ஆனா கேக்கல.”

அவர் தன் பங்கைச் சொன்னதும் என்னால் அடக்க முடியவில்லை. பஸ்ஸில் பிரித்துப் பார்த்த மெத்தையைப் பற்றிச் சொன்னேன். கட்டைவிரல் பள்ளத்தைப் பற்றி, குதிகாலைப் பற்றி, அலமாரியில் வைத்த கவரைப் பற்றி. சார் கிளாஸை பெஞ்சில் வைத்தார். ஒன்பது வருடத்தில் அந்த ஒரு முறைதான் அவர் என்னை அப்படிப் பார்த்தார். கோபம் இல்லை. யாரோ தெரியாதவரைப் பார்ப்பதைப் போல ஒரு பார்வை.

மறுநாளிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் மற்ற பதினோரு வீடுகளுக்கும் போனோம். ஒரு வீட்டில் செருப்பு ஷோகேஸில் பொம்மைகளோடு இருந்தது. ஒருவர் டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் போட்டார். வாணியம்பாடி பக்கத்தில் ஓர் அம்மா, விளக்கின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சிவப்பு எரிந்து, பக்கத்து இலைக்காரர் என்ன வியாதி என்று கேட்டுவிட்டாராம். அதற்கு முன்பு நான் கேட்டபோது அந்த அம்மாவும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். நாங்கள் நினைத்தபடி போட்டு நடந்தவர்கள் நாலே பேர்.

மேலிடக் கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி, பயன்படுத்தியவர்கள் விதியை மீறியிருக்கிறார்கள், கம்பெனி பொறுப்பாகாது என்று எழுதலாமே என்றார். இம்தியாஸ் சார் எழுந்தார்.

“அவங்க மீறல சார். நாம சொன்னத அப்படியே செஞ்சாங்க. பச்சையா இருக்கணும்னோம், பச்சையா வெச்சாங்க. கால் நல்லா இருக்கணும்னு நாம சொல்லவே இல்ல” என்றார்.

அதோடு வேலை நின்றது. வாங்குகிறவர்களுக்கு உண்மையை எழுதினார். அவர்கள் விலகிக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி தொடங்கியபோது விளக்கை எடுத்துவிட்டோம். இடுப்பில் சொருகிக்கொள்கிற சின்ன வில்லை ஒன்று, போட்டிருப்பவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி அதிரும். கம்பெனிக்குத் தகவல் எதுவும் தானாக வராது. திவ்யா அனுப்பிய அறிக்கையில் இருக்கும் புதிய மாதிரிக்கு அதுதான் தாய்.

அந்த இடைக்காலத்தில், ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து, கன்னியம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நான் பேசியிருக்கக் கூடாது, மெத்தையைப் பார்த்ததும் ஓடி வந்திருக்க வேண்டும் என்றேன். அவர் கை உடைப்பதை நிறுத்தவில்லை.

“நீங்க சொல்லலன்னா மட்டும் இன்னாம்மா. செவப்பு எரிஞ்சா நல்லதுன்னு யாருக்குத் தோணும்?” என்றார். மடியில் விழுந்த தோலைத் தட்டிவிட்டு, “ரேவதி வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?” என்று கேட்டார்.

கால் போன பிறகும் அவருக்கு அந்தப் பயம் போகவில்லை. ஆகாது என்று தலையாட்டினேன். கிளம்பும்போது அவரே கூப்பிட்டு, அந்தச் செருப்பு மெத்தென்று இருந்தது, முதல் வாரம் போட்டது நினைவிருக்கிறது, இடது கால் ஒன்று மட்டும் கிடைக்குமா, விளக்கு வேண்டாம் என்று கேட்டார்.

சாம்பிள் ரூமில் அதை நானே வெட்டி, நானே தைத்து, நானே ஒட்டினேன். கம்பெனியிலிருந்து எதை வெளியே எடுத்துப் போவதாக இருந்தாலும் ஸ்டோரில் சீட்டு வாங்க வேண்டும். ஸ்டோர் கம்ப்யூட்டரில் ஜோடிக் கணக்குத்தான் உண்டு. அரை ஜோடி என்று போட்டால் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டோர்க்காரர் மூன்று முறை முயன்றுவிட்டு, ரெண்டும் செஞ்சிடுங்க மேடம், வேற வழி இல்ல என்றார். வலதும் செய்தேன். இடதை மட்டும் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டு வலதை என் மேசை டிராயரில் வைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் ரேவதி சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமுக்கு வந்தாள். அம்மாவுக்குச் செயற்கைக் கால் பொருத்திவிட்டார்கள், கைத்தடி பிடித்து வாசல்வரை நடக்கிறார், வலது செருப்பு கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார் என்றாள். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“மேடம், இதுல லைட்டு கிட்டு ஒண்ணும் இல்லியே?”

இல்லை என்றேன். அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். வாரை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினாள். உள்மெத்தையின் ஓரத்தை நகத்தால் தூக்கி அடியில் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு லைனுக்குத் திரும்பினாள்.